கேமர் என்ற பட்டமும் கேமிங் கருவிகளின் ஒப்பனையும்: யாருக்காக இந்தத் தோற்றம்?

சாம்பல்பெட்டி (இழையைத் தொடங்கியவர்)

தரமான கிராபிக்ஸ் கார்டு, போதிய குளிரூட்டல், நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரை ஆகிய மூன்றையும் ஒரே மடிக்கணினியில் தேடும் எவரும் சற்று நேரத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலைக்குள் நுழைந்துவிடுகிறார். ஒன்றின் மூடியில் டிராகன், அடுத்ததில் பின்னிக் கிடக்கும் மூன்று பாம்புகள், இன்னொன்றில் வேற்றுக்கிரகவாசியின் தலை. விசைகளுக்கு அடியில் வானவில் ஓடுகிறது. பின்புறத் துளைகள் போர்விமானத்தின் வால்பகுதியை நினைவூட்டுகின்றன. இந்தத் தோற்றம் விளையாடுகிறவர்களுக்காக உருவாக்கப்பட்டதா, அல்லது கேமர் என்று அழைக்கப்பட விரும்புகிறவர்களுக்காக உருவாக்கப்பட்டதா என்பதே நான் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி.

இரண்டு கூட்டமும் ஒன்றுதானே என்று சிலர் சொல்லக்கூடும். பியூ ஆய்வு மையம் 2015-இல் அமெரிக்காவில் நடத்திய கருத்தாய்வு அப்படிச் சொல்லவில்லை. வயதுவந்தோரில் 49 சதவீதத்தினர் வீடியோ கேம் விளையாடுவதாகக் கூறினர். தம்மைக் கேமர் என்று கருதியவர்களோ 10 சதவீதத்தினர் மட்டுமே. விளையாடுவதில் ஆண்களும் பெண்களும் ஏறக்குறையச் சமமாக இருந்தபோதிலும், அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் ஆண்களில் 15 சதவீதம், பெண்களில் 6 சதவீதம். விளையாடும் ஐவரில் ஏறத்தாழ ஒருவர்தான் அந்தப் பெயரைச் சூடிக்கொள்கிறார். ஆனால் கருவிகளின் முகத்தை அந்த ஒருவருக்காகவே செதுக்கியிருக்கிறார்கள்.

அந்த ஒருவரின் உருவத்தையும் விளம்பரத் துறைதான் வரைந்தது என்பது என் எண்ணம். 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்த பிறகு, வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே கடைக்காரர்கள் பின்வாங்கினார்கள். 1985-இல் அங்கே நுழைந்த நின்டெண்டோ, ராப் என்ற சிறு ரோபோவைத் துணைக்கு வைத்து, தன் கருவியைப் பொம்மையாகக் காட்டி விற்றது. பொம்மைக் கடைகளிலோ சிறுவர்களுக்கு ஒரு வரிசை, சிறுமியருக்கு ஒரு வரிசை என்ற பிரிவு இருந்தது. சிறுவர் வரிசையில் இடம்பிடித்த பொருளுக்கு விளம்பரமும் சிறுவர்களை நோக்கியே எழுதப்பட்டது. தொண்ணூறுகளில் அந்தச் சிறுவன் பதின்வயதினன் ஆனான். 1996-இல் கேமிங் கணினி நிறுவனமான ஏலியன்வேர் தொடங்கப்பட்டபோதும், 1999-இல் பூம்ஸ்லாங் என்ற பாம்பின் பெயரோடு ரேசரின் மவுஸ் வந்தபோதும், 2006-இல் ஆசுஸ் தன் கேமிங் வரிசைக்கு ரிபப்ளிக் ஆஃப் கேமர்ஸ் என்று ஒரு குடியரசின் பெயரையே சூட்டியபோதும், அந்தப் பதின்வயதினனையே வாங்குபவராக எண்ணிக்கொண்டார்கள். அவனுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. டிராகன் மட்டும் இன்னும் மூடியில் இருக்கிறது.

மின்மினி

நண்பர் சாம்பல்பெட்டி சொல்லும் வரலாற்றில் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருக்கிறது. ஒளியையும் கண்ணாடியையும் நிறுவனங்கள் நம்மீது திணிக்கவில்லை. நம்மிடமிருந்துதான் அவற்றை எடுத்துக்கொண்டன.

தொண்ணூறுகளின் இறுதியில் கணினிகள் பெரும்பாலும் ஒரே வெளிர்பழுப்பு நிறத்தில் இருந்தன. 1996-இல் டெக்சாஸில் தொடங்கிய குவேக்கான் போன்ற சந்திப்புகளுக்கு மக்கள் தங்கள் கணினியையே தூக்கிச் சென்று, ஒரே கூடத்தில் வரிசையாக வைத்து விளையாடினார்கள். அந்தக் கூடத்தில் உங்கள் பெட்டிக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. அதனால் சிலர் பக்கவாட்டுத் தகட்டைச் சுழல் அறுப்பானால் வெட்டி, அக்ரிலிக் பலகை பொருத்தி, உள்ளே குளிர்-கேத்தோடு குழல்விளக்குகளைக் கட்டினார்கள். நீல எல்.இ.டி. அப்போது புதுமை. போதிய வெளிச்சம் தரும் நீல எல்.இ.டி.யை ஜப்பானிய ஆய்வாளர் நாகாமுரா 1993-இல்தான் செய்துகாட்டினார். அகாசாகி, அமானோ ஆகியோரோடு அவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் இல்லாமல் வானவில் இல்லை. இன்று பலர் முகம் சுளிக்கும் அந்த ஒளிக்குப் பின்னால் ஓர் அறிவியல் சாதனையும், தகடு வெட்டிக் கையைக் கிழித்துக்கொண்ட ஒரு தலைமுறையின் கைவேலையும் இருக்கின்றன.

பட்டத்துக்காக யாரும் அதைச் செய்யவில்லை. தன் கையால் கட்டிய பொருளில் தன் அடையாளம் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் அது.

எலிவால்

மேலே உள்ள இரண்டு பதிவுகளும் விருப்பத்தைப் பற்றிப் பேசுகின்றன. உற்பத்தியாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒப்பனைக்குக் காரணம் இன்னும் எளிமையானது.

கிராபிக்ஸ் கார்டை எடுத்துக்கொள்வோம். சில்லை வடிவமைப்பது பெரும்பாலும் என்விடியாவோ ஏ.எம்.டி.யோதான். அதை வாங்கிக் கார்டாகச் செய்து விற்கும் பல நிறுவனங்களுக்கு ஒரே சில்லு, ஒரே வகை நினைவகம், கிட்டத்தட்ட ஒரே வேகம்தான் கிடைக்கின்றன. ஒருவருடைய கார்டு மற்றவருடையதைவிட இரண்டு மூன்று சதவீதம் வேகமாக ஓடலாம். அந்த வேறுபாட்டை விளையாடும்போது யாரும் உணரப்போவதில்லை. அப்படியானால் ஒரு நிறுவனம் தன் பொருளை எதைக் கொண்டு வேறுபடுத்திக் காட்டும்? விசிறி, வெப்பத் தகடு, அதற்கு மேல் போர்த்தும் மூடி, பெட்டியின் மேல் அச்சிடும் படம் ஆகியவைதான் அதன் கையில் இருக்கின்றன. பாகங்கள் எல்லாவற்றையும் இணைக்கும் பலகையான மதர்போர்டுக்கும் இதே நிலைதான். செயல்திறனில் போட்டியிட இடமில்லாத இடத்தில் தோற்றம் போட்டிக்களமாகிவிடுகிறது. 2011-இல் கிகாபைட் தன் ஜி1 வரிசை மதர்போர்டில் துப்பாக்கியின் தோட்டாப்பெட்டி வடிவத்தில் வெப்பத் தகட்டைப் பொருத்தியது இந்த நெருக்கடியின் உச்சம் என்பேன். காற்று ஊடுருவ இடைவெளி விட்ட மெல்லிய தகடுகள்தான் வெப்பத்தை நன்றாக வெளியேற்றும். தோட்டாப்பெட்டிக்கு அந்த வேலை தெரியாது.

சிவப்பு, பச்சை, நீலம் கலந்து பல நிறங்களைக் காட்டும் ஆர்.ஜி.பி. விளக்கு வந்ததற்கும் கிடங்குக் கணக்கு ஒரு காரணம். அதற்கு முன் சிவப்பும் கறுப்பும் கலந்த மதர்போர்டு வாங்கியவர் நீல ரேமை வாங்கமாட்டார். வெள்ளைக் கேபினெட் (பாகங்களை அடக்கும் வெளிப்பெட்டி) வைத்திருப்பவர் இரண்டையும் வாங்கமாட்டார். ஒரே பொருளை மூன்று நான்கு நிறங்களில் செய்து, எந்த நிறம் விற்கும் என்று ஊகித்து அடுக்கிவைக்க வேண்டியிருந்தது. 2014-இல் கோர்செயரின் வண்ணம் மாறும் விசைப்பலகைகளும் ரேசரின் குரோமா வரிசையும் வந்தபின் மற்றவர்களும் அதே வழியில் இறங்கினார்கள். எல்லாவற்றையும் கறுப்பில் செய்து, உள்ளே மூவண்ண எல்.இ.டி.யை வைத்துவிட்டால், வாங்குபவரே தன் நிறத்தைத் தேர்ந்துகொள்கிறார். எல்.இ.டி. மலிவு, தேங்கிக் கிடக்கும் சரக்கு மலிவல்ல. கேமர் என்றால் வானவில் என்ற எண்ணம் பரவியதில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

நான்காம்விசை

எலிவால் அவர்களின் விளக்கம் பெட்டிக்குள் இருக்கும் பாகங்களுக்குப் பொருந்துகிறது. கையில் பிடிக்கும் கருவிகளுக்கும், பட்டத்துக்கும் வரும்போது கதை வேறு.

நான் நெடுங்காலமாக விளையாடுகிறேன். பெரும்பாலும் வியூக விளையாட்டுகள், கொஞ்சம் புதிர்கள். அவற்றில் சில கைப்பேசியில். இதை ஓர் இழையில் குறிப்பிட்டதும் வந்த முதல் மறுமொழி, அதெல்லாம் உண்மையான விளையாட்டு ஆகாது என்பது. கேமர் என்ற சொல்லுக்கு முன்னால் "உண்மையான", "தீவிர", "பொழுதுபோக்கு" என்ற அடைமொழிகள் ஓயாமல் ஒட்டப்படுவதைக் கவனியுங்கள். நாவல் படிப்பவரிடம் எத்தனை பக்கம் படித்தீர்கள், எந்தப் பதிப்பு என்று கேட்டு வாசகர் தகுதியை யாரும் வழங்குவதில்லை. இங்கே மட்டும் எந்தக் கருவியில், எந்த வகை விளையாட்டை, எந்தக் கடினநிலையில் என்று மூன்று வாயில்கள். பியூ கணக்கில் பெண்கள் 6 சதவீதத்தோடு நின்றதற்குக் கூச்சம் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த வாயில்களில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கப் பலருக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

கருவிகளில் இது எப்படி வெளிப்பட்டது? ரேசர் 2018-இல் தன் விசைப்பலகை, மவுஸ், ஹெட்செட் ஆகியவற்றை இளஞ்சிவப்பு நிறத்தில் வெளியிட்டது. நிறம் அழகாகவே இருந்தது. அதை விரும்பி வாங்கிய ஆண்களும் உண்டு. ஆனால் நிறத்தைத் தவிர அவை முன்பே விற்பனையில் இருந்த அதே கருவிகள்தான். சிறிய கைக்கு மவுஸின் முதுகு எவ்வளவு உயர வேண்டும், ஹெட்செட்டின் பட்டை எந்த அளவுவரை சுருங்க வேண்டும் என்ற கேள்விகள் அப்படியே இருந்தன. கூட்டத்தை விரிவாக்குவது என்பதைச் சாயம் பூசும் வேலையாகப் புரிந்துகொண்டால் இப்படித்தான் முடியும்.

அதே 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பலகை, இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள், பின்புறம் வரிசையாக 3.5 மி.மீ. துளைகள். கை விரல்களால் வழக்கமான கன்ட்ரோலரைப் பிடிக்க முடியாதவர், காலாலோ தலையசைவாலோ இயக்கும் பொத்தான்களை அந்தத் துளைகளில் இணைத்துக்கொள்ளலாம். அதில் பாம்பும் இல்லை, வானவில்லும் இல்லை. யார் விளையாட முடியாமல் இருக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து வரையத் தொடங்கியதால் அதன் தோற்றம் தானாக அமைந்தது. கேமிங் கருவி எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

இரவாடி

இந்த இழையில் எல்லோரும் மிகுந்த முதிர்ச்சியோடு பேசுவதால், ஒளியை விரும்புகிறவன் என்ற முறையில் நான் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவதாக, கேமிங் என்ற முத்திரை வெறும் ஒப்பனையாகத் தொடங்கவில்லை. சாம்பல்பெட்டி அவர்கள் பாம்பின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்த பூம்ஸ்லாங் மவுஸில், 2000 டி.பி.ஐ. (ஓர் அங்குல நகர்வில் உணரும் புள்ளிகள்) வரை உணரும் வகை கிடைத்தது. அக்கால அலுவலக மவுஸ்கள் அதன் ஐந்தில் ஒரு பங்கையே எட்டின. பழைய யு.எஸ்.பி. மவுஸ் கணினிக்கு நொடிக்கு 125 முறை செய்தி அனுப்பும். கேமிங் மவுஸ் 1000 முறை அனுப்பும். அதாவது 8 மில்லி நொடி இடைவெளி 1 மில்லி நொடியாகக் குறைந்தது. அலுவலகக் கருவிகளைச் செய்தவர்கள் தம் விருப்பத்தால் இதைச் செய்திருக்கமாட்டார்கள். கேட்டவர்கள் நாங்கள், எங்களுக்காகச் செய்தவர்கள் எங்கள் பெயரை அதில் ஒட்டினார்கள்.

இரண்டாவதாக, "வளர்ந்தவர்களுக்கு உகந்த தோற்றம்" என்று இங்கே மறைமுகமாகப் போற்றப்படுவது என்ன? சாம்பல் அலுமினியம், கூர்மையற்ற விளிம்பு, எழுத்தே இல்லாத மூடி. இதுவும் ஒரு கூட்டத்தின் சீருடைதான். கூட்ட அறையில் மேலாளர் முன் திறந்துவைக்கத் தக்க பொருள் என்பதைத் தவிர அதில் தனிச் சிறப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தன் அறையில், தன் மேசையில், தன் ஓய்வு நேரத்தில் ஒருவர் விரும்பும் பொருளும் மேலாளருக்குப் பிடித்தாக வேண்டுமா?

மூன்றாவதாகப் பட்டம். அதைத் துறப்பது, வேறு நான்கு பட்டங்களை வைத்திருப்பவருக்கு எளிது. பள்ளியில் எந்தக் குழுவிலும் சேராத ஒருவனுக்கு, முகம் தெரியாத ஐந்து பேரோடு இரவில் ஓர் ஆட்டத்தை வென்றது முதல் நட்பாக இருந்திருக்கக்கூடும். அவனுக்குக் கேமர் என்பது விற்பனைப் பிரிவின் பெயர் அல்ல. வாயிற்காவலர்கள் அதைக் கெடுத்தார்கள் என்று நான்காம்விசை அவர்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் காவலர்களை விரட்டுவதற்குப் பதிலாக வீட்டையே காலிசெய்யச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

சாம்பல்பெட்டி

இரவாடி அவர்களின் இரண்டாவது கருத்தை இன்னும் நீட்டிச் செல்லலாம் என்று தோன்றுகிறது, ஏனெனில் அது என் வாதத்துக்கே துணை செய்கிறது. டிராகன் வேண்டாம் என்றவர்களுக்குச் சந்தை என்ன கொடுத்தது? 2019-இல் என்விடியா ஸ்டூடியோ என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. "படைப்பாளர்களுக்கான மடிக்கணினி" என்ற வகை பரவியது. திறந்து பார்த்தால் கேமிங் வரிசையில் இருக்கும் அதே குடும்பச் சில்லுகள்தான். நல்ல வண்ணத் துல்லியம் கொண்ட திரை, வேறு விதமாகச் சோதித்த டிரைவர் (சில்லை இயக்கும் மென்பொருள்), வெள்ளி நிற மூடி ஆகியவை சேர்ந்தன. திரையின் வேகம் சிலவற்றில் குறைந்தது. கேமர் என்ற சட்டையைக் கழற்றியவருக்குப் படைப்பாளர் என்ற சட்டையை மாட்டிவிட்டார்கள். நான் வீடியோ வெட்டுவதும் இல்லை, முப்பரிமாண உருவம் வரைவதும் இல்லை. வெறுமனே விளையாடுகிறவனுக்கு ஒரு மூடி கிடைக்கவில்லை.

மேசைக் கணினியில் நிலைமை சற்று மேல். ஃபிராக்டல் டிசைன் 2022-இல் முன்புறம் மரச் சட்டங்களோடு வெளியிட்ட நார்த் கேபினெட், உட்காரும் அறையில் வைத்தாலும் அந்நியமாகத் தெரிவதில்லை; மரச் சட்டங்களுக்கு இடையே காற்றும் தாராளமாகப் போகிறது. இங்கே ஓர் இடைச்செருகல்: நாக்டுவாவின் பழுப்பு நிற விசிறிகளை அழகுக்காக யாரும் வாங்கத் தொடங்கவில்லை. அவை அமைதியாக ஓடின என்பதால் வாங்கினார்கள். இன்று அந்தப் பழுப்பே "எனக்கு ஒப்பனை தேவையில்லை" என்று பறைசாற்றும் ஒப்பனையாகிவிட்டது. கறுப்பிலும் அதே விசிறி கிடைக்கிறது. ஆனாலும் சிலர் பழுப்பையே தேடி வாங்குகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

மூன்றாவது கருத்துக்கு வருகிறேன். பட்டம் ஒருவருக்குத் தோழமையைத் தருகிறது என்பதை மறுக்கவில்லை. தோழமையின் பெயரைச் சொல்லித் தோட்டாப்பெட்டியை விற்பதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

எலிவால்

ஒளி பிடிக்குமா பிடிக்காதா என்பதை விட்டுவிட்டு, அது என்ன விலை கேட்கிறது என்பதையும் இந்த இழையில் பதிவுசெய்வது நல்லது.

பணத்தைவிட மென்பொருள்தான் பெரிய செலவு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விளக்கை இயக்கத் தனி நிரல். மதர்போர்டுக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, ரேமுக்கு ஒன்று என்று மூன்று நிரல்கள் பின்னணியில் ஓடி, ஒரே விளக்கை இரண்டு நிரல்கள் பிடித்து இழுக்கும்போது அது விட்டுவிட்டு மினுக்குகிறது. ஓபன்ஆர்ஜிபி என்ற திறமூல நிரல் தோன்றியதே இந்தக் குழப்பத்தால்தான். 2023-இல் விண்டோஸ் 11 தன் அமைப்புகளுக்குள்ளேயே விளக்குக் கட்டுப்பாட்டைச் சேர்த்தது; ஆனால் அந்தப் பொது நெறியைப் பின்பற்றும் கருவிகளை மட்டுமே அதனால் இயக்க முடியும்.

கேபிள் விஷயத்தில் புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மதர்போர்டில் விளக்குக்கான இணைப்புகள் இரண்டு வகை: நான்கு ஊசிகள் கொண்டது 12 வோல்ட், நான்காகத் தொடங்கி ஓர் ஊசி நீக்கப்பட்டு மூன்று ஊசிகள் கொண்டது 5 வோல்ட். முதல் வகையில் விளக்குப் பட்டை முழுவதும் ஒரே நிறம் காட்டும்; இரண்டாம் வகையில் ஒவ்வொரு விளக்கும் தனி நிறம் காட்டும். 5 வோல்ட் பட்டையை 12 வோல்ட் இணைப்பில் அழுத்திச் செருகினால் அது எரிந்துபோகும்.

ரேமின் மேல் நிற்கும் உயரமான கவசத்தையும் சொல்ல வேண்டும். டி.டி.ஆர்.4 வகை ரேம் இயல்பாக 1.2 வோல்ட்டில் ஓடுவது. இயல்பு வேகத்தில் அதற்கு அவ்வளவு பெரிய தகடு தேவையே இல்லை. அந்தக் கொம்புகள் பெரிய காற்றுக் குளிரூட்டியின் விசிறியில் முட்டும். வாங்குவதற்கு முன் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்புறத்தைக் கண்ணாடியால் மூடிய கேபினெட்டுகளும் அப்படியே. உள்ளே மூன்று விசிறிகள் ஒளிர்கின்றன, காற்று வரத்தான் வழியில்லை. பந்தயக் கார் இருக்கையைப் போலச் செய்த நாற்காலியைப் பற்றி ஒரே வரி: வளைவில் திரும்பும் காரில் உடல் பக்கவாட்டில் சரியாமலிருக்க வைத்த அணைப்புகள், அசையாமல் நிற்கும் மேசையின் முன்னால் தொடையை நெருக்குவதைத் தவிர எதையும் செய்வதில்லை.

மின்மினி

கொம்பு வைத்த ரேமை ஆதரிக்க நானும் வரமாட்டேன். ஆனால் கையால் வெட்டிய சன்னலையும் தொழிற்சாலையில் அடித்த டிராகனையும் ஒரே தட்டில் வைத்து எடை போடாதீர்கள். முன்னதில் ஒருவர் தன் பொருளுக்குத் தன் முகத்தைக் கொடுத்தார். பின்னதில் எல்லோருக்கும் ஒரே முகம். வெளிர்பழுப்புப் பெட்டிகளின் காலத்தைப் போலவேதான், நிறம் மட்டும் வேறு. கேபினெட்டை வெறுமையாக விற்று, துளையிடும் இடங்களையும் கழற்றத்தக்க தகடுகளையும் கொடுத்தால், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

நான்காம்விசை

பட்டத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அவரவர் விருப்பம். அதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பொருளின் விவரப் பட்டியலில் மட்டும் அதற்கு இடம் தேவையில்லை என்பேன். "கேமர்களுக்காக உருவாக்கப்பட்டது" என்ற வரியிலிருந்து எனக்கு எதுவும் தெரிவதில்லை. முழுச் சுமையில் விசிறி எத்தனை டெசிபல் இரைகிறது, கிராபிக்ஸ் சில்லுக்கு எத்தனை வாட் வரை மின்சாரம் கிடைக்கிறது (ஒரே பெயர் கொண்ட சில்லு ஒரு மடிக்கணினியில் மெதுவாகவும் இன்னொன்றில் வேகமாகவும் ஓடுவதற்கு இதுதான் காரணம்), மவுஸின் எடை எத்தனை கிராம், விளக்கை எந்த நிரலும் இல்லாமல் அணைக்க முடியுமா ஆகிய நான்கையும் எழுதினால், டிராகனை விரும்புகிறவரும் வெறுப்பவரும் தமக்கு வேண்டியதைக் கண்டுகொள்வார்கள்.

இரவாடி

அந்த நான்கையும் வரவேற்கிறேன். ஆனால் பெட்டியைப் பிரித்து முதல்முறை பொத்தானை அழுத்தும்போது விளக்கு எரிந்தபடியே வர வேண்டும். வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும்.

சாம்பல்பெட்டி

இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அணைந்த நிலையில் வர வேண்டும். விரும்புகிறவர் ஒருமுறை ஏற்றினால் போதும்; தேர்வைக் கருவி தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். எரிந்தபடி வரும் பல கருவிகளிலோ, அணைப்பதற்கே ஒரு நிரலைப் பதிவிறக்கி, அதில் கணக்குத் தொடங்கி, மதர்போர்டின் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பித்தபின் மீண்டும் அதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. தற்போதைக்கு, பயாஸிலேயே விளக்கை அணைக்கும் வசதி உள்ள மதர்போர்டுகளையும், விசைச் சேர்க்கையால் அணைக்கத்தக்க விசைப்பலகைகளையும் தெரிந்தவர்கள் இங்கே குறிப்பிட்டால், தனிப் பட்டியலாகத் தொகுத்து இழையின் முதல் பதிவில் சேர்த்துவிடுகிறேன்.